துஷ்டி (சாவு) நடந்த வீட்டுக் குழந்தைகளின் எடை குறையாமல் காக்கக் கோரி மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
முக்கூடல் வட்டாரம், திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கொக்கிரகுளம், திருநெல்வேலி.

பொருள்: வீட்டுப் பெரியவர் ஒருவர் இறந்தால் அங்குள்ள 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பற்றி அங்கன்வாடிக்கு உடனே தகவல் தரவும், அவர்களின் உணவுக்கு ஏற்பாடு செய்யவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 29 ஆண்டுகள் அங்கன்வாடியில் பிள்ளைகளுக்கு எடை பார்த்தவள் நான். வளர்ச்சி அட்டையில் ஒரு பிள்ளையின் கோடு சரிந்தால், வயிற்றுப்போக்கா, காய்ச்சலா என்று முதலில் கேட்போம். எனக்கு அனுபவம் சொல்லிக்கொடுத்த அடுத்த கேள்வி, ‘வீட்டில் யாரும் தவறிப்போனார்களா?’ என்பது.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு, இரண்டரை வயதுச் சிறுமி ஒருத்தியின் தாய் இறந்துபோனாள். பதினாறாம் நாள் விசேஷம் முடியும்வரை குறை ஒன்றுமில்லை. சித்தியும் அத்தையும் மாறி மாறிச் சோறு கொண்டுவந்தார்கள். பதினேழாம் நாள் எல்லோரும் அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். தகப்பன் விடியற்காலையில் சுமைதூக்கும் வேலைக்குப் போய்விடுவார். ஒன்பது வயது அக்காதான் அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு மையத்துக்கு வருவாள். சோற்றைக் குழைத்து ஊட்டினாலும் அந்தக் குழந்தை கவளத்தைக் கன்னத்தில் அடக்கிக்கொள்ளும். அரை மணி நேரம் கழித்து வாயைத் திறந்து பார்த்தால் சோறு அப்படியே இருக்கும். “அம்மா ஊட்டினால்தான் முழுங்குவாள் டீச்சர்” என்று அக்கா சொன்னது இன்னும் என் காதில் நிற்கிறது. 11.4 கிலோ இருந்தவள் நான்கு மாதத்தில் 10.3 கிலோவுக்கு வந்தாள். ஏற வேண்டிய வயதில் இறங்கினாள். சரியான எடையைக் காட்டும் பச்சைப் பட்டையில் இருந்த கோடு, எடைக்குறைவைக் காட்டும் மஞ்சளுக்குப் போனது.

உதவித்தொகைக்காக அந்தத் தகப்பனை ஓர் அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றேன். “நீங்கள்தான் உயிரோடு இருக்கிறீர்களே” என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

தாய் தகப்பன் இருவரும் இருக்கும் வீட்டிலும் இது நடக்கிறது. எங்கள் பக்கம் பீடி சுற்றும் வீடுகளில் பிள்ளை வளர்ப்பது பெரும்பாலும் ஆச்சிதான் (பாட்டி). தாயின் மடியில் பீடித்தட்டு இருக்கும்போது பிள்ளைக்கு அங்கே இடம் கிடையாது. புகையிலைத் தூளுக்குப் பக்கத்தில் பிள்ளையை விடவும் கூடாது. ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு நாளைக்கு நான்கைந்து தடவை கொஞ்சம் கொஞ்சமாக ஊட்ட வேண்டும். அப்படி ஊட்டிவந்த ஓர் ஆச்சி இறந்த பின் அந்த வீட்டுக்குப் போனேன். நாங்கள் கொடுத்த சத்துமாவு பாக்கெட்டுகள் அடுக்களைத் தட்டில் பிரிக்காமலே இருந்தன. பிள்ளையின் கையில் வரக்காப்பியில் நனைத்த பிஸ்கட். தாயைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்றைக்குச் சுற்ற வேண்டிய பீடியைச் சுற்றி முடிக்காவிட்டால் வாரக் கடைசியில் கூலி இல்லை. மாவு வீடு வரை போய்விடுகிறது ஐயா, அதைக் கிண்டிக் கொடுக்கத்தான் கை இல்லை.

அரசு செய்வதை நான் மறக்கவில்லை. ‘அன்புக் கரங்கள்’ திட்டத்தில் பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவர் பராமரிக்க இயலாத நிலையில் இருக்கும் குழந்தைகளுக்கும் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் வழங்கப்படுகிறது. பெரிய உதவிதான். ஆனால் சான்றிதழ்கள் வாங்கி, விண்ணப்பித்து, பணம் கைக்கு வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடுகின்றன. அந்த மாதங்களில்தான் எடை குறைகிறது. உடல் நலமுள்ள தகப்பன் இருக்கும் பிள்ளையும், ஆச்சியை இழந்த பிள்ளையும் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

இழந்த எடையைக் கவனித்து ஊட்டினால் மீட்டுவிடலாம். நின்றுபோன உயரம் அவ்வளவு எளிதில் திரும்புவதில்லை. செவிலியாக இருக்கும் என் மகள் ஓர் ஆய்வைப் படித்துக் காட்டினாள். ஆப்பிரிக்காவில் தான்சானியா நாட்டின் ககேரா பகுதியில் 1990-களின் தொடக்கத்தில் கணக்கெடுத்த குழந்தைகளைப் பத்து ஆண்டுகளுக்கும் மேல் கழித்துத் தேடிப்போய்ப் பார்த்திருக்கிறார்கள். தாயை இழந்து வளர்ந்தவர்கள் சராசரியாக 2 சென்டிமீட்டர் உயரமும் ஓர் ஆண்டுப் படிப்பும் குறைந்தே இருந்தார்களாம். நம் மாநிலத்திலேயே 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 5 வயதுக்குட்பட்டவர்களில் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். அவர்களில் எத்தனை பேர் துஷ்டி வீட்டுப் பிள்ளைகள் என்று தனியாக எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். கிராமத்தில் அதைப் பதிவு செய்பவர் கிராம நிர்வாக அலுவலர். பதியும்போதே “வீட்டில் 6 வயதுக்குட்பட்ட பிள்ளை உண்டா?” என்று ஒரு கேள்வி கேட்டு, அங்கன்வாடிக்கு ஒரு போன் செய்தால் போதும். தகுதியுள்ள வீட்டில் அன்புக் கரங்கள் விண்ணப்பத்தையும் அன்றே எழுதி வாங்கிவிடலாம். வருவாய்த் துறைக்கும் அங்கன்வாடிகளை நடத்தும் குழந்தை வளர்ச்சித் திட்டத்துக்கும் ஒருசேர உத்தரவிடத் தங்களால் முடியும் என்பதால்தான் தங்களிடம் வந்திருக்கிறேன்.

தகவல் வந்த பிள்ளைக்கு ஆறு மாதம் வரை 15 நாளுக்கு ஒருமுறை எடை பார்க்க வேண்டும். சத்துமாவை வீட்டுக்குக் கொடுத்து அனுப்புவதோடு விடாமல், காலையிலும் மாலையிலும் மையத்திலேயே உருண்டை பிடித்தோ கஞ்சி காய்ச்சியோ ஊட்ட அனுமதிக்க வேண்டும். உதவியாளருக்கு அது கூடுதல் வேலை. அதற்குரிய படியையும் சேர்த்தே கேட்கிறேன். ஒரு வேலையை உத்தரவாக மட்டும் போட்டால் அது பதிவேட்டில்தான் நடக்கும். கோடு மஞ்சளுக்கு இறங்கினால், அடுத்த எடை நாள் வரை காத்திராமல் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் காட்ட வேண்டும். தாயை இழந்து தகப்பன் மட்டும் இருக்கும் குழந்தைகளையும் உதவித்தொகையில் சேர்க்கத் தாங்கள் அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டும்.

முதலில் முக்கூடல் வட்டாரத்தில் மட்டும் ஓர் ஆண்டு நடத்திப் பார்க்கலாம். எடை பார்க்கவும் புதிய பணியாளர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவும் ஊதியமின்றி வரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்

இணைப்பு: அந்தச் சிறுமியின் வளர்ச்சி அட்டை நகல் (பெயர் மறைக்கப்பட்டுள்ளது).