செயலாளரின் ஆண்டறிக்கை: 2024–25

தலைவர் அவர்களுக்கும் மன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டில் செயற்குழு ஐந்து முறை கூடியது. புதிதாக ஒன்பது பேர் சேர்ந்திருக்கிறார்கள். சந்தா பாக்கி யார் யார் என்பது அவரவருக்கே தெரியும். தொலைநோக்கி இரவு இரண்டு முறை வைத்தோம். இரண்டு முறையும் மேகம். சரி, பிப்ரவரிப் பயணத்துக்கு வருகிறேன்.

வானிலை அறியும் ஆளில்லா விமானம் ஒன்றை நாமே செய்து, நாமே பறக்கவிடுவது என்று முந்தைய பொதுக்குழுவில் முடிவானது. வானிலைத் துறை பலூன் விடுகிறதே, பிறகு இது எதற்கு என்று அப்போதே ஒருவர் கேட்டார். பலூன் நொடிக்கு சுமார் 5 மீட்டர் ஏறும். தரையை ஒட்டிய முதல் 100 மீட்டரை 20 நொடியில் கடந்துவிடும். பனிமூட்டமும் புகையும் தங்குகிற அந்த அடுக்கை நின்று நிதானமாகப் பார்க்க, சுற்றிச் சுற்றி வருகிற விமானம்தான் வசதி.

நம்முடையது ஃபோம் விமானம். எடை 900 கிராம். வெப்பம், ஈரப்பதம், காற்றழுத்தம் மூன்றையும் அளக்கும் சென்சார் ஒன்றும் மெமரி கார்டும் உள்ளே. ட்ரோன்களுக்கான அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தில் பச்சை மண்டலமா (முன் அனுமதி இல்லாமல் பறக்கவிடக்கூடிய இடமா) என்று பார்த்து, 400 அடிக்கு மேல் போவதில்லை என்ற கட்டுப்பாட்டோடு, சிவகங்கைப் பக்கம் அறுவடை முடிந்த ஒரு வயலைத் தேர்ந்தெடுத்தோம். வேனில் 26 பேர். அதிகாலை 4 மணிக்குக் கிளம்பியதால் வாந்தி இரண்டு பேர்.

முதல் எறிதல் அடியேன் கையால். விமானம் பத்தடி போய், மூக்கால் மண்ணைக் குத்தியது. ஆடு மேய்க்க வந்த பெரியவர் நின்று பார்த்துவிட்டு, "சார், காத்து கெழக்கேருந்து வருது. அதுக்கு முதுகக் காட்டி எறிஞ்சா எப்படி?" என்றார். இத்தனைக்கும் காற்றின் திசை பார்க்கக் கம்பில் ரிப்பன் கட்டியிருந்தோம். அதை யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

மூக்குக்கு டேப் ஒட்டும் நேரத்தில் பிள்ளைகளுக்கு ஏரோசோண்டு கதையைச் சொன்னேன். வானிலை ஆய்வுக்கென்றே செய்த, சுமார் 13 கிலோ எடையுள்ள விமானம். 1998 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து அட்லாண்டிக்கைத் தாண்டி, 27 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகப் பறந்து ஸ்காட்லாந்துத் தீவு ஒன்றில் இறங்கியது. ஓடுகிற காரின் கூரையிலிருந்து அதைக் கிளப்பினார்கள். இதைச் சொல்லியிருக்கக் கூடாது. உடனே எல்லாரும் வேனைப் பார்த்தார்கள். டிரைவர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

6.40-க்குக் கிழக்கு நோக்கி எறிந்தோம். நன்றாக ஏறியது. இறக்கிப் பார்த்தால் தரையில் 20.8 டிகிரி, 110 மீட்டரில் 24.9! மேலே போகப்போகக் குளிர வேண்டியது சூடாகியிருக்கிறது. இரவில் தரை வெப்பத்தை இழந்து, அதை ஒட்டிய காற்றையும் குளிர வைத்துவிடுவதால் விடியலில் இப்படித் தலைகீழாகும். படித்ததை நேரில் கண்ட மகிழ்ச்சியில் கைதட்டினோம். பிளஸ் ஒன் மாணவி ஒருத்தி மட்டும் தட்டவில்லை. "சார், சென்சார் பேட்டரிக்குப் பின்னாடி இருக்கு. பேட்டரி சூடா இருக்கு, தொட்டுப் பாருங்க" என்றாள். தொட்டுப் பார்த்தேன். சுட்டது.

சென்சாரைப் பிரித்து, வெள்ளைப் பேப்பர் கப் ஒன்றின் அடியை வெட்டி அதற்குள் வைத்து, இறக்கைக்குக் கீழே ஒட்டினோம். 7.15-க்குத் தரையில் 21.5, மேலே 23.1. நான்கு டிகிரி என்று கைதட்டியது ஒன்றரையாகச் சுருங்கிவிட்டது. ஆனால் இது நிஜம். தூரத்துச் செங்கல் சூளைப் புகையும் அதையே காட்டியது: பனை உயரம் இரண்டு ஏறி, அதற்குமேல் போகாமல் பாய் விரித்த மாதிரி படுத்துக் கிடந்தது. 9.30-க்கு மறுபடி விட்டபோது தரையில் 27.5, மேலே 26.3. அப்போது புகை கலைந்து நேராக மேலேறிக்கொண்டிருந்தது.

முதல் பறத்தலின் கணக்கை அழிக்காமல், பிழை என்று குறித்தே பதிவேட்டில் வைத்திருக்கிறோம். அந்த மாணவியை இளையோர் பிரிவுப் பொறுப்பாளராக்கச் செயற்குழு பரிந்துரைக்கிறது. இரண்டாவது சென்சார் ஒன்றுக்கும் பொதுக்குழுவின் ஒப்புதல் தேவை.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மூக்குக்கு ஒட்டிய டேப்புக்கு மட்டும் ரசீது இல்லை. தணிக்கையாளர் பொறுத்தருள வேண்டும்.

செயலாளர்