வண்டியை இப்போதைக்கு விற்கவில்லை

பாளையங்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நம் ஜென் கார் ஆயில் விடுகிறது என்று போன மாதம் போனில் சொன்னதுமே, "அதை யாருக்காவது கொடுத்துத் தொலைம்மா" என்றாய். நான் பதில் சொல்லாமல், சாப்பிட்டாயா என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிட்டேன். கோபமில்லை, பாப்பா. அன்றைக்கு எனக்கே பதில் தெரியவில்லை. இப்போது தெரிகிறது. போனில் சொன்னால் பாதியில் உனக்கு வேறு அழைப்பு வந்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

மிக்ஸி வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து எஞ்சினுக்கு அடியில் விரித்து வைத்தேன். தினம் காலையில் சொட்டு விழுந்த இடத்தைப் பென்சிலால் வட்டம் போட்டுத் தேதி எழுதினேன். ஐந்து நாளும் ஒரே மூலையில்தான் அதிகம் விழுந்தது. கறுப்பாகப் பிசுபிசுவென்று இருந்ததால் எஞ்சின் ஆயில்தான். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை, அதான் டிப் ஸ்டிக்கை, இழுத்துப் பார்த்தால் அளவு கீழ்க்கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. அப்பா இருந்தவரை ஞாயிற்றுக்கிழமைதோறும் பழைய பனியன் துணியோடு போய், எஞ்சின் சூடாகும் முன் ஸ்டிக்கைத் துடைத்து, திரும்பச் செருகி எடுத்துப் பார்ப்பார். அவருக்குப் பிறகு சர்வீஸுக்குப் போனால் பார்ப்பார்கள் என்று நான் விட்டுவிட்டேன். தரையில் கறை இருப்பதைவிட எனக்கு இதுதான் பயத்தைக் கொடுத்தது. சொட்டுவது சின்ன விஷயமாக இருக்கலாம், ஆனால் ஆயில் குறைந்ததே தெரியாமல் ஓட்டினால் எஞ்சினே போய்விடும்.

முதலில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். எட்டிப் பார்த்துவிட்டு, எஞ்சினை இறக்கி, ஆயில் கசியாமல் அடைக்கும் சீலும் பேக்கிங்கும் எல்லாம் மாற்ற 31,000 ரூபாய் ஆகும் என்றார்கள். வண்டியை விற்றாலே 40,000 தேறினால் பெரிது. நீ சொன்னதுதான் சரியோ என்று அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

மறுநாள் அப்பாவின் பழைய மெக்கானிக் அண்ணாச்சியிடம் போனேன். அவர் விலையே பேசவில்லை. எஞ்சினை டீசல் அடித்துக் கழுவிக் காயவைத்து, சந்தேகப்பட்ட இடமெல்லாம் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவினார். "திருச்செந்தூர் ரோட்டுல பத்து கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க டீச்சர்" என்றார். திரும்பி வந்து லைட் அடித்துப் பார்த்தால், வெள்ளைப் பவுடரில் ஆயில் வரும் வழி கோடு கோடாகத் தெரிந்தது. ஆயில் கீழே வழிந்து காற்றில் பின்னால் போகுமாம். நனைந்ததில் எல்லாவற்றுக்கும் மேலே உள்ள இடம் எதுவோ, அதுதான் ஊற்று. "எவ்வளவு சொட்டுதுங்கிறத விடுங்க டீச்சர். எங்க சொட்டுதுன்னு பாருங்க" என்றார்.

மூன்று இடம். எஞ்சினின் மேல்மூடியான டேப்பெட் கவரின் பேக்கிங் காய்ந்து வெடித்து, ஆயில் வழிந்து, புகை வெளியேறும் சைலன்சர் மேனிபோல்டு மேல் விழுந்துகொண்டிருந்தது. சிக்னலில் நிற்கும்போது வந்த கருகல் வாடையை இத்தனை நாள் பக்கத்து வண்டியில் இருந்து வருவதாக நினைத்திருந்தேன். சூடான இரும்பில் ஆயில் விழுவது தீப்பிடிக்கிற காரியம். இதைத் தள்ளிப்போட முடியாது.

இரண்டாவது, எஞ்சினுக்குள் சுழலும் தண்டான கிராங்கின் முன்பக்க ஆயில் சீல். பார்க்கக் கசிவு மிகக் குறைவு, ஆனால் பக்கத்திலேயே எஞ்சின் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் ஓடுகிறது. கவரைக் கழற்றிக் காட்டினார், பெல்ட்டின் ஓரம் ஆயிலில் ஊறி மெத்தென்று இருந்தது. ஆயில் குடித்த ரப்பர் பல் நழுவும், இல்லையென்றால் அறுந்துபோகும். நான் தனியாகக் கோவில்பட்டி போகிற வழியில் அது அறுந்திருந்தால் என்று நினைத்தேன், உள்ளங்கை வியர்த்துவிட்டது. அளவை மட்டும் பார்த்திருந்தால் மூன்றிலும் இதைத்தான் சும்மா விட்டிருப்பேன்.

மூன்றாவது, எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் பின்பக்க சீல். அங்கே ஆயில் வியர்க்கிறது, சொட்டுகூட இல்லை. சீல் விலை சில நூறு ரூபாய்தான். ஆனால் கியர்பாக்ஸை இறக்காமல் அதைத் தொட முடியாது, கூலிதான் முக்கால்வாசி. அண்ணாச்சி அதை விடச் சொன்னார், நானும் விட்டேன். கிளட்ச் பிளேட் மாற்றும் நாள் வரும்போது கியர்பாக்ஸ் எப்படியும் இறங்கும், அப்போது ஒரே கூலியில் முடியும். எஞ்சின் உறுமுகிறது, வண்டி இழுக்கவில்லை என்றால் ஆயில் கிளட்சுக்குப் போய்விட்டது என்று அர்த்தம், அன்றைக்கே கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.

இன்னொன்றும் செய்தார், எனக்கு ரொம்பப் பிடித்தது. சீல் போடும் முன் பி.சி.வி. வால்வைக் கழற்றிக் காதருகே குலுக்கினார். உள்ளே கடகடவென்று ஆட வேண்டுமாம், கசடு பிடித்து ஊமையாக இருந்தது. எஞ்சினுக்குள் சேரும் காற்று அதன் வழியாக வெளியேற வேண்டும். வழி அடைபட்டால் அந்த அழுத்தம் சீல் வழியாக ஆயிலைப் பிதுக்கும். புது சீல் போட்டு இதை விட்டிருந்தால் மறுபடியும் கசிந்திருக்கும். உதிரிபாகக் கடையில் ஆயிலில் ஊற்றினால் கசிவு நிற்கும் என்று ஒரு டப்பாவைக் கொடுத்தார்கள். அது ரப்பரை ஊதவைத்துக் கொஞ்ச நாள் தாங்கும், பெல்ட்டைக் காப்பாற்றாது என்று அண்ணாச்சி திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டார்.

பேக்கிங், முன் சீல், புது டைமிங் பெல்ட், வால்வு, ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 7,200 ரூபாய். பழைய வண்டிக்கு இவ்வளவா என்று கேட்பாய். வண்டி விலையோடு இதை ஒப்பிட்டுப் பார்ப்பதில் அர்த்தமில்லை, பாப்பா. 2003 வண்டி. 2023-இல் 5,000 ரூபாய் கட்டி எஃப்.சி. போட்டோம், 2028 வரை ஆர்.சி. இருக்கிறது. அதுவரை நான் ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் அத்தை வீட்டுக்கும் யாரையும் எதிர்பார்க்காமல் போய்வர மாதம் எவ்வளவு விழுகிறது என்று நீயே கணக்குப் போடு.

தரையில் சொட்டுகிற ஆயில் மழைத் தண்ணீரோடு சேர்ந்து நம் தெருச் சாக்கடை வழியாகப் பாளையங்கால்வாய்க்குப் போகும். வயலுக்குப் பாயும் தண்ணீர் அது. அதனால் கறையில் மரத்தூள் கொட்டி அள்ளிவிட்டேன், வண்டிக்கு அடியில் இப்போது ஒரு பழைய தாம்பாளமும் இருக்கிறது.

எப்போது விற்பேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அப்பாவின் நினைவுக்காக வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று நீ நினைக்கக் கூடாது. 1,000 கிலோமீட்டருக்குள் அரை லிட்டருக்கு மேல் ஊற்ற வேண்டி வந்தால், பின்னால் நீலப் புகை வந்தால், ஆயில் மூடியைத் திறக்கும்போது மோர் மாதிரி வெளுத்திருந்தால், அன்றோடு சரி. ஓடும்போது ஆயில் சிவப்பு விளக்கு எரிந்தால் வீடு வரை ஓட்ட மாட்டேன், அங்கேயே அணைத்துவிடுவேன்.

இன்று காலை ஸ்டிக் பார்த்தேன். மூன்று வாரத்தில் அளவு மேல்கோட்டைவிட்டு இறங்கவில்லை. தாம்பாளத்தில் ஒரு பொட்டுதான் இருந்தது.

பொங்கலுக்கு எந்த ரயில் என்று எழுது. ஜங்ஷனுக்கு நான் வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
அம்மா