கண்காட்சி நான்கு நாள், வியாபாரம் நாற்பது நாள்

ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய ஷெங்கன் நாடுகளின் விசா பிரிவு அதிகாரிகளுக்கும், விசா விதிகளை வகுக்கும் ஐரோப்பிய ஆணையத்துக்கும் கரூரிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். எங்களுக்குத் தரும் விசாவின் நாள் கணக்கைப் பற்றித்தான் இந்த மடல். இதைத் தமிழில் எழுதக் காரணம் உண்டு. உங்கள் சென்னை அலுவலகங்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். எங்கள் ஊர் ஆட்களும் இதைப் படிக்க வேண்டும். அவர்களுக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது, பிறகு வருகிறேன்.

நாங்கள் மேஜை விரிப்பு, கிச்சன் டவல், ஏப்ரன், திரைச்சீலை நெய்து தைத்து அனுப்புகிறவர்கள். ஜனவரியில் பிராங்பர்ட்டில் நடக்கும் ஹைம்டெக்ஸ்டில் கண்காட்சிதான் எங்கள் தொழிலுக்குப் பெரிய சந்தை. 2025-இல் அது தொடங்கியதே பொங்கலன்று. 2026-இல் பொங்கல் கண்காட்சியின் நடுவில் வந்தது. வீட்டில் பானை பொங்கும் நேரத்தில் ஸ்டாலில் விரிப்பை உதறி மடித்துக்கொண்டிருப்பது எங்களுக்குப் பழகிவிட்டது. அதில் குறை ஒன்றும் இல்லை.

குறை, கண்காட்சி முடிந்த மறுநாள் தொடங்குகிறது. அந்த நான்கு நாளில் கிடைப்பது விசிட்டிங் கார்டும், "சாம்பிளை வைத்துவிட்டுப் போங்கள்" என்ற பேச்சும்தான். ஆர்டர் அங்கே எழுதப்படுவதில்லை. பையர், அதாவது துணி வாங்கும் நிறுவனத்துக்காரர், தன் ஊருக்குப் போய், ஆட்களோடு உட்கார்ந்து பார்த்து, துவைத்துச் சுருக்கம் பார்த்து, இரண்டு வாரம் கழித்து அழைப்பார். ஒருவர் நெதர்லாந்தில் இருப்பார், இன்னொருவர் டென்மார்க்கில். கிடங்குக்கு வரச் சொல்லி, போன முறை வந்த சரக்கில் சாயம் மாறிய பேல்களைப் பிரித்துக் காட்டுவார். அதை நேரில் நின்று பார்த்து, அங்கேயே ஒரு விலை பேசி முடித்தால்தான் அடுத்த ஆர்டர் உண்டு. வீடியோ அழைப்பில் சாயத்தின் வித்தியாசம் தெரியாது. நடுவில் கடை கடையாக ஏறி, என்ன விற்கிறது, எது தள்ளுபடி மேஜைக்குப் போய்விட்டது என்று பார்ப்பதும் எங்கள் வேலைதான். இதற்கெல்லாம் ஐந்தாறு வாரம் வேண்டும்.

ஆனால் எங்கள் ஊரில் முதல் தடவை போகிற பலருக்கு விசாவில் அச்சாவது அழைப்புக் கடிதத்தில் இருக்கும் நாள் கணக்குதான். எந்த நாட்டுத் தூதரகம் என்று பெயர் சொல்ல வேண்டியதில்லை. "கூட இருந்து இன்னும் இரண்டு பையரைப் பாருங்கள்" என்று அங்கிருந்தே அழைப்பு வந்தாலும் தங்க முடியாது. உங்கள் விதிப்படி நீட்டிப்பு என்பது தவிர்க்க முடியாத இடர், மனிதாபிமானக் காரணம், கடுமையான சொந்தக் காரணம் இவற்றுக்கு மட்டும்தான். நல்ல ஆர்டர் ஒன்று வரப்போகிறது என்பது இதில் எதிலும் சேராது.

ஆகவே ஊருக்குத் திரும்பி முதலிலிருந்து தொடங்க வேண்டும். மறுபடி விண்ணப்பிக்க நேரம் குறிக்கும் ஸ்லாட், மறுபடி 90 யூரோ கட்டணம், மறுபடி 30,000 யூரோவுக்கான காப்பீடு, மறுபடி அழைப்புக் கடிதம். முடிவு சொல்ல 15 நாள், தேவைப்பட்டால் 45 நாள் வரை போகலாம். அதுவரை பாஸ்போர்ட் பெரும்பாலும் எங்கள் கையில் இருக்காது. பையர் காத்திருப்பாரா? போர்ச்சுகலில் இதே துணியை நெய்கிறவர் மறுநாள் விமானம் ஏறி அவர் முன்னால் போய் நிற்பார். அவருக்கு விசாவே தேவையில்லை.

புதுச் சட்டம் கேட்கவில்லை. எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள் வரை தங்கலாம் என்பது உங்கள் விதி. அடிக்கடி வர வேண்டிய தேவையை நிரூபிப்பவருக்கு, நம்பகமானவராக இருந்தால், ஐந்தாண்டு வரை பல நுழைவு விசா தரலாம் என்பதும் உங்கள் விதி. 2024 ஏப்ரல் 18 அன்று ஐரோப்பிய ஆணையம் இந்தியாவில் வசிக்கும் இந்தியர்களுக்கென்று ஒரு முடிவே எடுத்தது: மூன்று ஆண்டுக்குள் இரண்டு விசா வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்தியவருக்கு இரண்டாண்டு விசா, அதற்கடுத்து ஐந்தாண்டு. நல்ல முடிவு, நன்றி. ஆனால் அந்த முதல் இரண்டு விசாவை எட்டு நாளும் பத்து நாளுமாக நறுக்கிக் கொடுத்தால், சிறு வியாபாரி மூன்றாவதைக் கேட்கும் நிலைமையிலேயே இருக்க மாட்டார். வருடத்துக்கு ஒருமுறை லட்சக்கணக்கில் செலவழித்து ஸ்டால் போட்டு, வெறும் கார்டோடு திரும்புகிறவர் எத்தனை வருடம் தாங்குவார்?

திரும்பிப் போகாமல் தங்கிவிடுவார்களோ என்ற அச்சம் உங்களுக்கு இருப்பது புரிகிறது. ஆனால் 2025 அக்டோபர் 12 முதல் நுழைவு, வெளியேறல் கணக்கை மின்னணு முறையில் பதியத் தொடங்கிவிட்டீர்கள். பாஸ்போர்ட் முத்திரைகளை எண்ணிப் பார்க்கும் காலம் போகிறது. ஒருவர் ஒரு நாள் கூடுதலாக இருந்தாலும் கணினியே காட்டிவிடும். இவ்வளவு கண்காணிப்பு வந்த பிறகும் நாளைச் சிக்கனமாக அளந்து கொடுப்பது எதற்கு என்பது எனக்கு விளங்கவில்லை.

அடுத்தது வங்கிக் கணக்கு. நடப்புக் கணக்கில் இருப்பு குறைவு என்பதைச் சந்தேகமாகப் பார்க்கிறீர்கள். ஏற்றுமதியாளர் பணம் கணக்கில் தூங்காது. நூலிலும் சாயத்திலும் கிடக்கும், கூலியாகப் போயிருக்கும், மீதி பேக்கிங் கிரெடிட், அதாவது சரக்கு அனுப்பும் முன் வங்கி தரும் கடன். இருப்பைப் பார்ப்பதைவிட சுங்கத்துறையின் ஏற்றுமதிப் பத்திரமான எங்கள் ஷிப்பிங் பில்லையும், வெளிநாட்டிலிருந்து பணம் வந்து சேர்ந்ததற்கு வங்கி தரும் சான்றையும் பாருங்கள். ஐந்தாறு ஆண்டாக உங்கள் நாட்டுக் கடைக்கே துணி அனுப்பி, பணமும் பெற்றவர், இங்கே தறியையும் தையல் ஆட்களையும் விட்டுவிட்டு அங்கே ஒளிந்து வாழ வரமாட்டார்.

இப்போது எங்கள் ஆட்களுக்கு. பிசினஸ் விசா கஷ்டம் என்று டூரிஸ்ட் விசாவில் போய் ஸ்டாலில் நிற்பதும், ஏஜென்ட் கொடுத்த டம்மி டிக்கெட்டையும் ரத்து செய்யப் போகும் ஹோட்டல் புக்கிங்கையும் வைப்பதும் நமக்கே கேடு. ஒரு ஏஜென்ட் நாற்பது பேருக்கு ஒரே வாசகத்தில் கவரிங் லெட்டர் அடித்தால், அதிகாரி நாற்பதையும் ஒரே கண்ணால்தான் பார்ப்பார். எந்த ஊரில் எந்தப் பையரை, எந்த வாரம் பார்க்கிறோம் என்று நாமே எழுத வேண்டும். அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஸ்லாட் எங்கே சீக்கிரம் கிடைக்கிறது என்று பார்க்கக் கூடாது.

அதிகாரிகளே, மறுபடி உங்களிடம். ஜெர்மனி 2025 ஜூலை 1 முதல், மறுக்கப்பட்ட விசாவை மறுபரிசீலிக்கக் கேட்கும் முறையை உலகெங்கும் நிறுத்திவிட்டது. இனி புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், இல்லையென்றால் பெர்லினில் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். கரூரில் முப்பது தறி வைத்திருப்பவர் பெர்லினில் வழக்காட முடியாது. ஆகவே முதல் முடிவிலேயே கவனம் கூட வேண்டும். மறுப்புப் படிவத்தில் ஒரு கட்டத்தில் குறியிட்டால் போதாது, எந்த ஆவணம் நம்பும்படி இல்லை என்று ஒரு வரி எழுதுங்கள்.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதிலிருந்து எங்கள் ஊரில் எல்லோரும் ஐரோப்பாவை நோக்கித்தான் நிற்கிறோம். முதல் தடவை வருகிறவர்கள் பலர் இந்த அக்டோபருக்குள் விண்ணப்பிப்பார்கள். ஏற்றுமதிச் சான்று உள்ளவருக்கு முதல் விசாவையே ஓராண்டுப் பல நுழைவாக, தங்கும் நாள் 90 என்று கொடுத்துப் பாருங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம் என்பதால் அடுத்த ஜனவரிக்கான விண்ணப்பங்கள் ஜூலையிலேயே உங்கள் மேஜைக்கு வரும். அதற்கு முன் உங்கள் நாடுகள் கூடிப் பேசி, சென்னையில் அறிவித்தால் போதும்.

இப்படிக்கு,
வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதியாளர் ஒருவர்,
கரூர்