எங்கட படகில அக்கரை போய்வாற எல்லாருக்கும்

கொக்கிளாய்க் களப்பின்ர இரண்டு கரைச் சனத்துக்கும் வணக்கம்.

போன மாதம் முகத்துவாரத்துக்குக் கிட்ட எங்கட படகு மணல் திட்டில ஏறின வீடியோவைப் பார்த்திருப்பியள். ஒரு மோட்டார் சைக்கிள் தண்ணிக்க விழுந்தது உண்மை. அதைத் திருத்திக் குடுத்திட்டம். ஒருத்தருக்கும் காயமில்லை. ஆனால் "ஓட்டி வெறியில ஓட்டினவன்" எண்டு கீழ எழுதினதைத்தான் என்னால விழுங்க முடியேல்லை.

பதினொரு வருசம் எங்களோட நிண்ட பொடியன். வெத்திலைகூடப் போடமாட்டான். அண்டைக்கு அவன் குடிச்சது வெறுந்தேத்தண்ணி, ஊத்திக் குடுத்ததே நான்தான். முதல்நாள் அந்தத் திட்டு அங்க இல்லை. மாரியில மா ஓயா ஆத்துத் தண்ணி களப்புக்க இறங்கி, முகத்துவாரத்தால கடலுக்குப் பாயேக்க மண் ஒரு இரவிலேயே இடம் மாறும். நேற்றுக் கோல் எட்டாத இடத்தில இண்டைக்கு முழங்கால் தண்ணி. கலங்கல் தண்ணியில ஆருக்குத்தான் தெரியும்? பொடியன் இப்ப வேலைக்கு வாறதில்லை. சந்தையில மனிசிக்குத் தலைகாட்ட ஏலாதாம்.

பிழை ஒண்டு நடந்தது, அது என்ர பிழை. படகு தட்டின உடன எல்லாரும் எழும்பி ஒரு பக்கம் போச்சினம், அதாலதான் சரிஞ்சது. ஏறேக்கயே "எது நடந்தாலும் எழும்பாதேங்கோ" எண்டு சொல்லுற பழக்கம் எங்களிட்ட இருக்கேல்லை. 2009இல கேரளாவில தேக்கடியில படகு கவிழ்ந்து 45 பேர் செத்ததுக்கும் ஆக்கள் ஒரு பக்கம் ஒதுங்கினது ஒரு காரணம். 2023இல அதே கேரளாவில தானூரில 22 பேர், இருட்டினாப் பிறகு, அளவுக்கு மிஞ்சி ஏத்தின படகு. எங்களுக்குக் கிட்ட, 2021 கார்த்திகையில கிண்ணியா குறிஞ்சாக்கேணியில பள்ளிக்கூடம் போன பிள்ளையள். ஒண்டும் ஆழ்கடலில இல்லை, எல்லாம் கரை தெரியிற தண்ணி.

இப்ப விடிய முதல் படகுக்கு முன்னம் நானே கோல் போட்டு ஆழம் பார்க்கிறன். பாதை நெடுக கம்பு நட்டு வெள்ளைக் கான் கட்டியிருக்கிறம். வலை போடுற அண்ணைமார் அதுக்குள்ள போடாமல் விட்டால் பெரிய உதவி, காத்தாடியில வலை சுத்தினால் எஞ்சின் நிண்டிடும். படகின்ர வெளிப்பக்கம் ஒரு வெள்ளைக் கோடு அடிச்சிருக்கு. தண்ணி அதைத் தொட்டால் மிச்ச ஆக்கள் அடுத்த படகுக்குத்தான். மோட்டார் சைக்கிள் இரண்டு, நடுவில. லைஃப் ஜாக்கெட் மணக்குது எண்டு மடியில வைச்சிருக்கிற அக்காமாருக்கு: கிழமைக்கொருக்காத் தோய்ச்சுக் காயப்போடுறம், தயவுசெய்து போடுங்கோ.

2022இல மண்ணெண்ணெய் 87 ரூபாவில இருந்து 340க்கு ஏறேக்க, மிச்சக் காசு வாங்காமல் இறங்கிப்போன ரீச்சர்மாரை நான் மறக்கேல்லை. வீடியோ வந்த அடுத்தநாளும் பிள்ளையைக் கையில பிடிச்சுக்கொண்டு வந்து ஏறின அம்மாவையும் மறக்கமாட்டன். நீங்கள் எல்லாரும் இல்லாட்டி இந்தப் படகு எப்பவோ கரையில கவிழ்ந்து கிடந்திருக்கும்.

பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு படகில்லை, வாற திங்களில இருந்து ஆளுக்கு 20 ரூபா கூட.

பொடியனை எங்கயும் கண்டால் ஒரு கதை கதைச்சுப்போட்டுப் போங்கோ. அவன்ர இடத்துக்கு இன்னும் ஆள் எடுக்கேல்லை.

இப்படிக்கு,
படகுக்காரன்