கல்லை அனுப்பியவரைக் காட்டாதது குறையா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வாரச் சினிமாப் பக்கத்தில் '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' என்ற விண்வெளிப் படம் பற்றி எழுதியவர், "அந்தக் கறுப்புக் கல்லை அனுப்பியது யாரென்று இயக்குநருக்கே தெரியவில்லை, முடிவில் ஏமாற்றிவிட்டார்" என்று ஒரே வரியில் தீர்த்துவிட்டார். மனம் பொறுக்காமல்தான் எழுதுகிறேன்.

தெரியாமல் விட்டதல்ல, ஐயா. கல்லை அனுப்பிய வேற்றுக்கிரகவாசிகளுக்கு உருவம் கொடுத்துக் காட்டத்தான் இயக்குநர் ஸ்ரான்லி குப்ரிக் முதலில் முயன்றார். காட்டாமல் விடுங்கள் என்று ஆலோசனை சொன்னவர் வானியலாளர் கார்ல் சேகன். பின்னணியில் ஒலிக்க எழுதிவைத்த விளக்கவுரையையும் நீக்கிவிட்டார்கள். கடைசி இருபது நிமிடத்துக்கு மேல் ஒரு வசனம்கூட இல்லை. விளக்கம் வேண்டியவர்களுக்கு படம் வந்த அதே 1968இல், குப்ரிக்குடன் சேர்ந்து திரைக்கதை எழுதிய ஆர்தர் சி. கிளார்க்கின் நாவல் வந்தது. அந்தக் கிளார்க் 1956இல் இந்த நாட்டுக்கு வந்து, 2008இல் கொழும்பிலேயே கண்மூடியவர்; திருகோணமலைக் கடலடியில் கோணேசர் கோயில் இடிபாடுகளைக் கண்டவர். தாங்கள் அறியாததல்ல. கட்டுரையில் அவர் பெயர்கூட இல்லை.

தொண்ணூறுகளில் வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து, ஜெனரேட்டர் இரைச்சலுக்கு நடுவில் நாங்கள் பார்த்த படம் அது. கிழவனாகிக் கட்டிலில் கிடக்கிறவன் விரலை நீட்டுகிறான். கால்மாட்டில் அந்தக் கல் நிற்கிறது. ஆங்கிலம் அறியாத என் மாமா அந்த இடத்தில் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். விடியும்வரை அதைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தோம். அனுப்பியவர் இன்னார்தான் என்று காட்டியிருந்தால் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருப்போம்.

அதே மாமாதான் பூரணை இரவில் தோணியில் கூட்டிப்போய், கல்லடிப் பாலத்தடியில் துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, மேல்முனையில் காதை வைக்கச் சொன்னவர். தந்தியை மெல்லத் தொட்டுவிட்டாற்போல் ஒரு ஓசை மரத்தின் வழியே ஏறி வந்தது. மீனா, ஊரி என்கிற சிப்பி வகையா? 1848இல் பிரித்தானிய ஆட்சி அதிகாரி எமர்சன் டெனன்ற் வந்து கேட்டுவிட்டுப் போன காலத்திலிருந்து அந்தக் கேள்வி அப்படியே கிடக்கிறது. அதற்காக வாவி எங்களை ஏமாற்றிவிட்டது என்று இந்த ஊரில் ஒருவரும் சொன்னதில்லை.

உங்கள் சுற்றுலா மலரோ பாடும் மீனை வெறும் கட்டுக்கதை என்று எழுதியது. மறுத்து நான் அனுப்பிய கடிதம் வெளிவரவேயில்லை. அறிவியல் பக்கத்தை நிறுத்தி, அந்த இடத்தையும் ராசிபலனுக்குக் கொடுத்தீர்கள். இதழ் எங்களுக்குப் பிந்தித்தான் வருகிறது. கடைக்காரரிடம் கேட்டால் கொழும்பைக் கேளுங்கள் என்கிறார். இவ்வளவையும் பொறுத்துக்கொண்டுதான் இன்னமும் காசு கொடுத்து வாங்குகிறோம். எங்களுக்கு இவ்வளவு போதும் என்று நினைத்துவிட்டீர்களா?

இன்னொன்று. விண்கலம் சனிக்குப் போவதாகக் கட்டுரை சொல்கிறது. அது நாவலில். சனியின் வளையங்களை நம்பும்படி உருவாக்க முடியாததால் படத்தில் வியாழனாக மாற்றினார்கள். திரையிலேயே 'ஜுபிட்டர் மிஷன்' என்று எழுத்துப் போடுகிறார்கள். படத்தைப் பார்த்தவர் இதில் தவற மாட்டார்.

அடுத்த இதழில் 'வியாழன்' என்று ஒரு வரித் திருத்தமாவது போடுங்கள். கிளார்க்கின் பெயரையும் அதில் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
நீண்டகால வாசகர்,
கல்லடி, மட்டக்களப்பு.