அது கும்பிடு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாலக்கோட்டில் ஒரு தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். விடிவதற்கு முன்பே மண்டிக்குப் போய்விடுவதால் என் மகன் கண்விழிக்கும் நேரத்தில் நான் பெரும்பாலும் வீட்டில் இருப்பதில்லை. அவன் ‘கும்பிடு போடுவதை’ முதலில் பார்த்தவர் என் அம்மா.

அவனுக்கு அப்போது ஐந்தாவது மாதம். தொட்டிலிலிருந்து எடுத்து மடியில் போட்டதும் தலை முன்னால் கவிழும். இரண்டு கைகளும் விரிந்து எழும்பி மார்புக்கு வரும், முழங்கால்கள் மடியும். எல்லாம் ஒரு நொடிதான். பத்து நொடி சும்மா இருந்துவிட்டு மறுபடியும் அதே அசைவு. “பேரன் சாமி கும்பிடுகிறான் பாருங்கள்” என்று அம்மா அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்டினார். நாங்களும் சிரித்தோம். ஒவ்வொரு கும்பிடு முடிந்ததும் அவன் முகம் கோணிக்கொண்டு அழுகைக்குத் தயாராகும். நான் அதைப் பார்த்தேன், பசி என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு உரம் விழுந்திருக்கிறது என்று புடவையில் போட்டு உருட்டினார்கள். மாந்தம் என்று வசம்பு சுட்டு உரைத்துக் கொடுத்தார்கள். நாங்கள் காட்டிய ஒரு கிளினிக்கில் வாயு என்று சொல்லிச் சொட்டு மருந்து எழுதினார்கள். கிளினிக்கை மட்டும் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. அங்கே அவன் சிரித்துக்கொண்டு படுத்திருந்தான். இதெல்லாம் சேர்ந்து 23 நாட்கள்.

என் வண்டிச் சத்தம் கேட்டால் வாசல் பக்கம் தலையைத் திருப்புகிறவன், ஒருநாள் திரும்பவில்லை. மறுநாளும் இல்லை. அன்றைக்குத்தான் என் மனைவி கைபேசியை எடுத்து அந்த அசைவை வீடியோ படம் பிடித்தாள். நான் நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில், பெட்டி எண்ணுகிற மாதிரி நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்து எண்ணத் தொடங்கினேன். காலை 6.40க்கு 17. பகல் 11.15க்கு 22. தூங்கி எழுந்த கையோடுதான் அதிகம்.

தருமபுரியில் ஒரு குழந்தை நல மருத்துவர் அந்தப் படத்தை முழுதாகக்கூடப் பார்க்கவில்லை. குழந்தையைத் தொடுவதற்கு முன்பே, உடனே மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. எடுக்க வேண்டும் என்றார். அவர் அறையில் அவன் ஒரு தடவைகூடக் கும்பிடவில்லை. படம் இல்லாமல் போயிருந்தால் இன்னொரு சொட்டு மருந்தோடு திரும்பியிருப்போம்.

அந்தப் பரிசோதனைக்குப் பெங்களூரு போனோம். குழந்தை அங்கே போய்த்தான் தூங்க வேண்டும், வழியில் தூங்கக் கூடாது. பெங்களூரு ரயிலில் ராயக்கோட்டை தாண்டியதும் ஆட்டத்தில் அவனுக்குக் கண் சொருகும். ஈரத்துணியால் பாதத்தைத் துடைத்துக்கொண்டே போனோம். தூங்க வைக்கத் தாலாட்டு உண்டு. எழுப்பி வைக்க எங்களுக்கு ஒரு பாட்டும் தெரியவில்லை.

இதற்குச் சிசு வலிப்பு என்று பெயராம். 1841-இல் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர், தன் சொந்த மகனுக்கு வந்ததை விவரித்து ‘லான்செட்’ என்ற மருத்துவ இதழின் ஆசிரியருக்குக் கடிதம் எழுதினாராம். சலாம் வலிப்பு என்றும் இதற்கு ஒரு பெயர் உண்டு என்று மருத்துவர் சொன்னபோது என் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். கடிதம் எழுதும் துணிச்சல் எனக்கு வந்ததும் அந்தத் தகப்பனால்தான்.

ஸ்டீராய்டு மருந்து கொடுத்தார்கள். அந்த மருந்தால் கன்னம் உப்பியதும் தெருவில் எல்லோரும் “பிள்ளை தேறிவிட்டான்” என்றார்கள். பதினோராம் நாள் என் நாட்குறிப்பில் கோடு எதுவும் விழவில்லை. இன்று அவனுக்குப் பதினான்கு மாதம், பிடித்துக்கொண்டால் உட்காருகிறான். ஸ்கேனில் ஒன்றும் இல்லை, ரத்தத்திலும் இல்லை. சில குழந்தைகளுக்குக் காரணம் கடைசிவரை தெரியாமலே போகும் என்கிறார் மருத்துவர். என் அம்மா தடுப்பூசியைச் சொல்கிறார், மாமியார் எங்கள் குலதெய்வத்தைச் சொல்கிறார். ஊசி போடும் வயதும் இது தொடங்கும் வயதும் அடுத்தடுத்து வருவதால் எழும் சந்தேகம்தான் அது என்று மருத்துவர் விளக்கினார். குலதெய்வத்துக்கு அவரிடம் விளக்கம் இல்லை.

தூக்கத்தில் மட்டும் வந்து, எழுப்பினால் நின்றுவிடும் துள்ளல் பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லையாம். விழித்த பிறகு அடுக்கடுக்காக வருவதுதான் ஆபத்து. பெரும்பாலும் நான்கிலிருந்து ஏழாம் மாதத்துக்குள் தொடங்குகிறது, நாள் கடத்தக் கூடாது என்றார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்றரை மாத ஊசிக்குப் பிறகு ஒன்பதாம் மாதத்தில்தான் அடுத்த ஊசி. இடையில் செவிலியர் கண்ணில் குழந்தை படுவதே அரிது. எனவே மூன்றரை மாத ஊசிக்கு வரும் தாய்மார்களுக்கு, இந்த அசைவைக் காட்டும் அரை நிமிடப் படத்தைப் புதன்கிழமைதோறும் போட்டுக் காட்டச் சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

படத்துக்கு அலைய வேண்டாம், எங்களுடையதைத் தருகிறோம். முகத்தை மறைத்துவிடலாமா என்று மனைவியிடம் கேட்டேன். வேண்டாம் என்கிறாள். முகம் கோணுவதைத்தான் அவர்கள் பார்க்க வேண்டுமாம்.

இப்படிக்கு,
ஒரு தகப்பன்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.