சுரங்க நிலையக் காற்றின் அளவைப் பலகையில் போடுங்கள்

மெட்ரோ ரயிலை நடத்தும் அதிகாரிகளுக்கும் காற்றுமாசைக் கண்காணிக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

வடசென்னைக் காற்று எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அனல்மின் நிலையம், மணலி ஆலைகள், துறைமுகத்துக்குக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரிகள், கொடுங்கையூர் குப்பைமேடு எல்லாம் உங்கள் கோப்புகளில் இருப்பவைதான். 2023 டிசம்பரில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து, ஜனங்கள் ராத்திரியில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியதையும் மறந்திருக்க மாட்டீர்கள். இந்த மடல் தரைக்குக் கீழே இருக்கும் காற்றைப் பற்றியது.

சமீபத்தில் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக, எங்கள் பக்கத்துச் சுரங்க நிலையம் ஒன்றில் இறங்கினோம். அம்மாவுக்குப் பல வருடமாக வீசிங். நடைமேடைக்கு வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் இழுப்பு வந்துவிட்டது. பையைத் துழாவி இன்ஹேலரை எடுத்துக் கொடுத்தேன். காவலர் ஓடி வந்து தண்ணீர் கொடுத்தார், அவருக்கு நன்றி. அம்மா கொஞ்சம் தேறியதும், "இங்க காத்துல தூசி எவ்வளவுன்னு எங்கயாவது போட்டிருக்காங்களா?" என்று கேட்டேன். "ஏசி ஓடுதுல்ல மேடம், இங்க ஏது தூசி?" என்றார். மேலே உதவி மையத்தில் கேட்டபோது புகார்ப் புத்தகத்தை நகர்த்தி வைத்தார்கள். எழுதிக் கொடுத்தேன். இன்றுவரை பதில் இல்லை.

நிலையத்துக் காற்றால்தான் இழுப்பு வந்தது என்று நான் அடித்துச் சொல்லவில்லை. வரும் வழியில் ஆட்டோவில் லாரிப் புகையையும் குடித்துக்கொண்டுதான் வந்தோம். எதனால் வந்தது என்று டாக்டர் கேட்டால் சொல்ல என்னிடம் எதுவும் இல்லையே, அதுதான் என் ஆதங்கம். மணலியிலும் கொடுங்கையூரிலும் ராயபுரத்திலும் காற்று எப்படி இருக்கிறது என்று செல்போனிலேயே பார்த்துவிடலாம். படியிறங்கிக் கீழே போனால் ஒரு எண்கூடக் கண்ணில் படுவதில்லை.

ஏசி காற்றைக் குளிர வைக்கும். நுண்தூசியைப் பிடிக்க அதற்கேற்ற வடிகட்டி வேண்டும், அதை அடிக்கடி மாற்றவும் வேண்டும். சுரங்கத்தின் தூசி வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உரசும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் அங்கேயே உண்டாகிறது. ரயில் அதைக் காற்றோடு தள்ளிக்கொண்டு நிலையத்துக்குள் வருகிறது. லண்டன் சுரங்க ரயிலில் தூசி வெளிக்காற்றைவிடப் பல மடங்கு அதிகம் என்று பிரிட்டன் அரசின் மருத்துவ ஆலோசனைக் குழு 2019-இல் சொன்னது. ஆபத்து எவ்வளவு என்று கணக்கிட முடியாவிட்டாலும் தூசியைக் குறைக்க வேண்டும் என்றும் சொன்னது. ஸ்டாக்ஹோமில் 2005-இல் வந்த ஆய்வில், சுரங்க ரயில் தூசி நுரையீரல் செல்களின் மரபணுவைத் தெருத்தூசியைவிட சுமார் எட்டு மடங்கு சேதப்படுத்தியது.

அவை பழைய ரயில்கள், நம் நிலையங்களில் கண்ணாடித் தடுப்புக் கதவு இருக்கிறது என்பீர்கள். உண்மைதான், அது நல்ல ஏற்பாடு. சியோலிலும் கதவு வைத்த பிறகு நடைமேடையில் தூசி குறைந்தது, ஆனால் பெட்டிக்குள் கூடியதாக ஆய்வுகள் சொல்கின்றன. நமக்கு எப்படி என்று அளந்தால்தானே தெரியும்?

நாங்களாவது சில நிமிடத்தில் ரயிலேறிப் போய்விடுகிறோம். எங்கள் தெருவில் ஒரு அக்கா, சுரங்க நிலையம் ஒன்றில் ஒப்பந்தத்தில் துப்புரவு வேலை பார்க்கிறார். ஒரு ஷிப்டு முழுக்கக் கீழேதான். கண்ணாடிக் கதவின் அடிச்சட்டத்தைத் துடைத்த துணியை ஒருநாள் காட்டினார். விரித்தால் மடிப்பு மடிப்பாகக் கறுப்பு, தேய்த்துப் பார்த்தால் விரலில் நறநறவென்று ஒட்டுகிறது. சோப்புப் போட்டு இரண்டு முறை அலசியும் போகவில்லை. "இது துணிக்கு. நெஞ்சுக்குள்ள போனதை எதுல அலசறது?" என்று கேட்டார். முகத்துக்கு அவர் கட்டிக்கொள்வது சொந்தத் துப்பட்டா. அவருக்கு ஒரு நல்ல முகக்கவசம் கொடுக்கக்கூடவா நிதி இல்லை?

இந்த ஊருக்கு எதுவும் கடைசியில்தான் வரும். 2015-இல் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே ஓடத் தொடங்கிய ரயில், வண்ணாரப்பேட்டைக்கு 2019-இலும் விம்கோ நகருக்கு 2021-இலும்தான் வந்தது. சாம்பலும் புகையும் மட்டும் யாரும் கேட்காமலே முதலில் வந்து சேர்ந்தன. மனுப் போட்டால் "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு வரி. பரிசீலிக்கிற வரைக்கும் மூச்சை அடக்கிக்கொண்டிருக்க முடியுமா?

கோபத்தில் கொஞ்சம் விலகிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது பெரிய செலவில்லை. அடுத்த ரயில் எத்தனை நிமிடத்தில் வரும் என்று காட்டும் பலகையில், காற்றில் பிஎம் 2.5 என்கிற நுண்தூசி எவ்வளவு என்றும் போடுங்கள். நடைமேடையில் ஒரு கருவி, பெட்டிக்குள் ஒரு கருவி, காற்றை உள்ளே இழுக்கும் இடத்தில் ஒரு கருவி. வெளிக்காற்றில் இந்தத் தூசிக்கு நம் நாடு 2009-இல் வைத்த வரம்பு, ஒரு கன மீட்டர் காற்றில் ஒரு நாள் சராசரியாக 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது 15. இரண்டையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள், நாங்கள் ஒப்பிட்டுக்கொள்கிறோம். அளவு நன்றாக இருந்தால் உங்களுக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி. மோசமாக இருந்தால் அம்மாவைப் போன்றவர்கள் கீழே இறங்காமல் பஸ்ஸில் போய்க்கொள்வார்கள்.

கீழே வேலை செய்கிறவர்களுக்குத் தரமான முகக்கவசமும் ஆண்டுக்கு ஒருமுறை நுரையீரல் பரிசோதனையும் கொடுங்கள். பெரம்பூர், மூலக்கடை பக்கம் இரண்டாம் கட்டத்துக்குத் தோண்டிக்கொண்டிருக்கிறீர்கள். அந்த நிலையங்களில் திறக்கும் நாளிலேயே இந்த எண் பலகையில் தெரிய வேண்டும்.

தயவுசெய்து இந்த மடலுக்கு எழுத்து மூலம் பதில் அனுப்புங்கள். கருவி எப்போது வைப்பீர்கள் என்ற தேதியோடு.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு பயணி